வாங்காமல் விட்ட பத்து ஃப்ரேம்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பழைய காகிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். 2019 நவம்பரில் நான் தயாரித்த ஒரு முதலீட்டுக் குறிப்பின் நகல் கையில் கிடைத்தது. மொத்தம் நாலு பக்கம். எங்கள் நூற்பாலைக்குப் பத்து புது ரிங் ஃப்ரேம், அதாவது பஞ்சை நூலாக முறுக்கும் இயந்திரம், வாங்க எட்டு கோடி ரூபாய் கேட்டு எழுதியது. முதல் பக்கத்தின் ஓரத்தில் எங்கள் மூத்த முதலாளி, பெரியவர், பென்சிலால் எழுதிய ஒரே ஒரு சொல் இருந்தது: "வேண்டாம்." ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக நான் எழுதிய குறிப்புகளில் எத்தனையோ ஒப்புதல் வாங்கியிருக்கின்றன. இந்த ஒன்று நிராகரிக்கப்பட்டது. மில்லுக்கு அதிக நன்மை செய்த முடிவு எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் எங்கள் கணக்குப் புத்தகத்தில் எந்த இடத்திலும் இந்த நன்மை பதிவாகவில்லை. பதிவு செய்ய இடமும் இல்லை. அந்த எண்ணம்தான் இதை எழுத வைத்தது.

நான் வேலை பார்ப்பது உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில். சுமார் 30,000 ஸ்பிண்டில், அதாவது நூல் முறுக்கிச் சுற்றும் கதிர். இந்தப் பகுதிக்கு அது பெரிய மில்லும் இல்லை, சின்ன மில்லும் இல்லை. 2001இல் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன், இப்போது நிதியைப் பார்த்துக்கொள்கிறேன். இயந்திரம் வாங்க, கட்டடம் கட்ட, சாஃப்ட்வேர் போட என்று எதற்குப் பணம் கேட்டாலும் என் மேசையைத் தாண்டித்தான் முதலாளி அறைக்குப் போகும். டிஜிட்டல் மாற்றம் பற்றிப் பல கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எதை வாங்கலாம், எவ்வளவு செலவாகும், எத்தனை வருடத்தில் திரும்பும் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என்னை உறுத்துவது அதற்கு அடுத்த கட்டம். அப்படி ஒன்றை வாங்கிப் போட்ட பிறகு, மற்ற முதலீடுகளை நாங்கள் முடிவு செய்யும் விதமே மாறிவிட்டது. எந்தக் கோரிக்கை மேலே போகும், எது என் மேசையிலேயே நின்றுவிடும் என்பது மாறிவிட்டது. அது எப்போது நடந்தது என்று யோசித்தால் அந்தப் பென்சில் எழுத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன்.

காற்றாலைக் காலம்

சென்சார் எல்லாம் வருவதற்கு முன்னால் நாங்கள் எப்படி முடிவெடுத்தோம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த புதிதில் மில்காரர்கள் வாயில் எந்நேரமும் இருந்த சொல் 'டஃப்'. 1999 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம். புது இயந்திரத்துக்கு வாங்கும் கடனின் வட்டி விகிதத்தில் 5 சதவீதப் புள்ளிகளை அரசு ஏற்றுக்கொண்டது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்தில் பாதி மில்களின் உள்ளே போய்ப் பார்த்தால் அந்தத் திட்டத்தின் தடம் இருக்கும். எங்கள் மில்லின் பன்னிரண்டு ஃப்ரேம்கள், ஒவ்வொன்றிலும் 1,008 ஸ்பிண்டில், அப்படி வந்தவைதான். அப்புறம் காற்றாலை. முதல் வருடமே விலையில் 80 சதவீதத்தைத் தேய்மானமாகக் காட்டலாம் என்று வருமான வரிச் சட்டம் சொன்னது. போதாததற்கு அந்தக் காலத்து மின்வெட்டு. பல்லடம், உடுமலைப் பக்கமும் தெற்கே ஆரல்வாய்மொழியிலும் நூல் மில்காரர்கள் வரிசையாகக் காற்றாலை நிறுத்தினார்கள், நாங்களும் இரண்டு நிறுத்தினோம். 2012 ஏப்ரலில் அந்தச் சலுகை நின்றது. 2014இல் திரும்ப வந்தது, 2017இல் 40 சதவீதமாகக் குறைந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எல்லா வருடமும் ஒரே மாதிரிதான் வீசியது. எங்கள் தாளின் கடைசி எண் மாறியதும் நாங்கள் மூன்றாவது காற்றாலையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம்.

அதில் தவறு இருந்ததாக நான் நினைக்கவில்லை. கம்பெனிப் பணம் என்றால் அதைத் தாளில் நியாயப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் தாளில் எண்ணாக வரக்கூடியவைக்கு மட்டுமே பணம் கிடைக்கும் பழக்கம் எங்களுக்கு அன்றே வந்துவிட்டது. அன்று அந்த எண்களைத் தந்தவை வரிச் சட்டமும் வங்கியும். ஒரு ஃப்ரேமுக்குக் கடன் கேட்டால் அந்த ஃப்ரேமையே ஈடாக எழுதிக்கொள்வார்கள். இரும்பு, எண், தயாரித்த வருடம் எல்லாம் கண்ணால் பார்க்கலாம். ஆள் பழக்குவதற்கு, வேலை முறையை மாற்றுவதற்கு, ஒரு நல்ல தகவல் முறையைக் கட்டுவதற்கு எந்த வங்கியிடமும் போய் நின்றதாக எனக்கு நினைவில்லை. ஈடாக எதைக் காட்டுவது? அதனால் முதலீடு என்றாலே எங்கள் மனதில் லாரியில் வந்து கிரேனில் இறங்கும் பொருள்தான்.

எழுபது லட்சமும் எட்டு கோடியும்

நூற்புப் பிரிவைப் பார்க்கும் எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டர் மூன்று வருடமாகப் புது ஃப்ரேம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பழைய ஃப்ரேம்களில் நூல் அறுப்பு அதிகம். ஒரு ஸ்பிண்டிலில் நூல் அறுந்தால் சைடர், அதாவது ஃப்ரேமைக் கவனிக்கும் தொழிலாளி, வந்து இழை கோக்கும் வரை அந்தப் பஞ்சு நியூமாஃபில் என்ற உறிஞ்சு குழாய் வழியாகக் கழிவாகப் போய்க்கொண்டே இருக்கும். ஸ்பிண்டில் சும்மா சுற்றும், கரண்ட் மட்டும் ஓடும். ஃப்ரேம் பழசு, மாற்றுங்கள் என்பது அவர் வாதம். அதே சமயம் எங்கள் இளைய முதலாளி, சின்னவர், ஸ்பிண்டிலுக்கு ஸ்பிண்டில் சென்சார் பொருத்தும் முறையைக் கோவையில் ஒரு கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்திருந்தார். ரிங் என்ற வளையத்தைச் சுற்றி ஓடும் டிராவலர் என்ற சின்னக் கொக்கியை அந்த சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கும். நூல் அறுந்தால் டிராவலர் நிற்கும், உடனே அந்த இடத்தில் சின்ன விளக்கு எரியும். எந்த ஸ்பிண்டில், எத்தனை மணிக்கு, எத்தனை முறை, எவ்வளவு நேரம் சும்மா நின்றது என்பது கம்ப்யூட்டரில் ஏறிவிடும். பன்னிரண்டு ஃப்ரேமுக்கும் போட எழுபது லட்சத்துக்குச் சற்று மேல் ஆகும் என்றார்கள்.

மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. "அறுப்பு இருக்குதுன்னு எனக்கே தெரியுமுங்க. அதைச் சொல்ல எழுபது லட்சமா?" என்று என்னிடமே கேட்டார். அந்தப் பணம் புது ஃப்ரேமுக்கான பணத்தைச் சாப்பிட்டுவிடும் என்ற பயம் அவருக்கு. எனக்கும் பாதி அந்த எண்ணம்தான். கழிவுப் பஞ்சிலும் மின்சாரத்திலும் எவ்வளவு மிச்சம் என்று போட்டுப் பார்த்து, இரண்டு வருடம் நாலு மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்று எழுதிக் கொடுத்தேன். சின்னவர் கையெழுத்துப் போட்டார். 2019 ஜூனில் சென்சார் பொருத்தி முடிந்தது. புது ஃப்ரேம் விஷயத்தை மூன்று நாலு மாதத் தகவலைப் பார்த்துவிட்டு எடுக்கலாம் என்று முடிவானது. மாஸ்டரும் நானும் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டோம்: பழைய ஃப்ரேம்கள் எவ்வளவு மோசம் என்று இனி எண்களே சொல்லும், எங்கள் கோரிக்கை இன்னும் பலமாகும். அந்த நம்பிக்கையில்தான் நவம்பர் குறிப்பை எழுதினேன். மூன்று மாத அறுப்புக் கணக்கை இணைப்பாக வைத்தேன்.

அந்தக் கூட்டம் நடந்த அறை இன்னும் கண்ணில் இருக்கிறது. பெரியவர், சின்னவர், மாஸ்டர், மெயின்டனன்ஸ் பார்ப்பவர், நான். நான் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் இணைப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் அதை அதற்கு முன் முழுதாகப் பார்த்திருக்கவில்லை, தினசரி அறிக்கையைத்தான் பார்ப்பார். மூன்று மாதத்தையும் ஒன்றாக்கி, ஸ்பிண்டில் எண் வாரியாக, அதிகம் அறுத்தது மேலே வரும்படி அடுக்கி அச்செடுத்திருந்தேன். 12,096 ஸ்பிண்டிலில் நானூற்றுச் சொச்சம் எண்கள் மாதா மாதம் மேலேயே இருந்தன. நூற்றுக்கு மூன்றரைக்கூட வராது. ஆனால் மொத்த அறுப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அந்த எண்களிலிருந்து வந்தது. அவர் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக வட்டம் போட ஆரம்பித்தார். நான் படிப்பதை நிறுத்தினேன். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் மணி வாரியான பக்கத்துக்குப் போனார். மேற்குச் சுவரோரம் இருக்கும் நாலு ஃப்ரேமில் மட்டும் முழு நைட்டில் இரண்டு மணிக்கு மேல் அறுப்பு ஏறி, விடிந்ததும் இறங்கியது. பகல் ஷிப்ட்டில் அவை மற்ற ஃப்ரேம் மாதிரியேதான் ஓடின.

அவர் நிமிர்ந்து பெரியவரைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, இது ஃப்ரேமோட கோளாறு இல்லீங்க. இந்த நானூறு ஸ்பிண்டிலும் நாங்க பார்க்க வேண்டியது. டேப்பு, ரிங்கு, காட்ஸ், எதாவது ஒண்ணு தேஞ்சிருக்கும். அந்த நாலு ஃப்ரேமும் ஈரப்பதம். அந்த மூலைக்குக் காத்து சரியா வர்றதில்லீங்க."

பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார். "புது ஃப்ரேம் போட்டா அந்த மூலைக்குக் காத்து வந்துருமா?"

"வராதுங்க."

பென்சிலை எடுத்து எழுதினார்.

மூன்று வருடம் அந்த ஃப்ரேமுக்காகப் போராடிய மனிதர், தன் கோரிக்கைக்கு எதிரான ஆதாரத்தைத் தானே கண்டுபிடித்து, தானே எழுந்து சொன்னார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்த நாள் அது. அதே தாள் நாலு வாரம் என் கையில் இருந்தது. அதில் எனக்குத் தெரிந்தது எட்டு கோடிக்கான ஆதாரம் மட்டும்தான். தகவல் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. எந்தக் கேள்வியோடு பார்க்கிறோமோ அதற்குத்தான் பதில் சொல்கிறது. நான் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு அலங்காரமாக அதை இணைத்திருந்தேன்.

ஸ்பிண்டில் பழுதுக்கும் ஈரப்பதக் குழாய்களை மாற்றி அமைக்கவும் சேர்த்து நாற்பது லட்சம் செலவானது. நாலு மாதத்தில் 2020 மார்ச் வந்தது, மில்லை மூடினோம். 2021இல் நூலுக்கு நல்ல விலை கிடைத்தது. அப்புறம் 2022. அந்த மே மாதம் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பஞ்சு வாங்கி நூல் விற்றால் நட்டம் என்ற நிலையில் எத்தனையோ மில்கள் ஷிப்டைக் குறைத்தன, சில நிறுத்தியே வைத்தன. நாங்களும் முழு நைட்டை நிறுத்தினோம். எட்டு கோடிக்குப் போயிருந்தால் அந்த மாதங்களில் தவணை மட்டும் மாதம் பத்து லட்சத்துக்கு மேல் வந்திருக்கும். அது இல்லாததால் ஒரு மாதம்கூட சம்பளம் தள்ளிப் போகவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் 2019 கடைசியில் துணிந்து புது ஃப்ரேம் போட்ட ஒரு மில், 2021இல் எங்களைவிட நன்றாகச் சம்பாதித்தது. அவர்களுக்குக் கிலோவுக்குக் கரண்ட் செலவும் குறைவு. அதனால் "வேண்டாம்" என்றதே நூறு சதவீதம் சரி என்று அடித்துப் பேச எனக்குத் துணிவில்லை. ஆனால் அன்றைக்கு எங்கள் கையில் இருந்த தகவலுக்கும் எங்கள் கடன் தாங்கும் திறனுக்கும் அது சரி. எழுபது லட்சம் கொடுத்து நாங்கள் வாங்கியது பொறுத்திருக்கும் வசதி. நோய் எங்கே என்று தெரிந்துவிட்டால் அறுவைசிகிச்சையைத் தள்ளிப்போடலாம் இல்லையா, அந்த மாதிரி.

இந்த இடத்தில்தான் என் உறுத்தல் தொடங்குகிறது. 2022இல் பழைய முதலீடுகள் சொன்னபடி பணத்தைத் திருப்பித் தந்தனவா என்று ஒரு ஆய்வு நடத்தினோம். சென்சாருக்கு எதிரே நான் எழுதியது: இரண்டு வருடம் எட்டு மாதம், எதிர்பார்த்ததைவிட நாலு மாதம் தாமதம். அவ்வளவுதான். எட்டு கோடிக் கடன் தவிர்த்தது எந்தக் கட்டத்திலும் வரவில்லை. நடக்காத செலவுக்கு வவுச்சர் கிடையாது. அடுத்த முறை இது போன்ற ஒரு தகவல் முறைக்குப் பணம் கேட்டபோது, "போன தடவையே தாமதம்" என்று அந்தத் தாளைக் காட்டி மறுத்தார்கள். அந்தத் தாளை எழுதியவன் நான்.

கூட்டிப் பார்த்தபோது

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. இயந்திரம் வாங்கினால் அது சொத்து, முதலாளிகள் உட்கார்ந்து பேசித்தான் வாங்குவார்கள். மாதச் சந்தாவுக்கு வரும் சாஃப்ட்வேர் அப்படி இல்லை. கணக்கியல் விதியே அதை வேறு மாதிரி பார்க்கிறது. அடுத்தவர் சர்வரில் ஓடும் மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமை பெரும்பாலும் ஒரு சேவைதான், அதை உங்கள் சொத்தாகக் காட்ட முடியாது என்று சர்வதேசக் கணக்கியல் விளக்கக் குழு 2019இல் சொன்னது. அதை நமக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் செலவையும் பல சமயம் அப்போதைக்கப்போதே செலவாக எழுத வேண்டும் என்று 2021இல் சொன்னது. ஆளுக்குக் கொடுக்கும் பயிற்சிச் செலவை நம் ஊர்க் கணக்கியல் தரங்களும் சொத்தாக ஏற்பதில்லை. கணக்கு என்ற அளவில் இந்த விதிகளோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அவை விளைவை உண்டாக்குகின்றன. எங்கள் மில்லில் ஒரு குறிப்பிட்ட தொகைக்குள் இருக்கும் நடப்புச் செலவுக்குப் பிரிவுத் தலைவரே கையெழுத்துப் போடலாம். எனவே சந்தாக்கள் யாரும் முதலீடு என்று பார்க்காமலே உள்ளே வந்தன. போன மார்ச்சில் கூட்டிப் பார்த்தேன். ஏழு சந்தா. ஐந்து வருடத்துக்குப் போட்டால் ஒரு புது ஃப்ரேமின் விலைக்கு மேல் வருகிறது. அதில் இரண்டு ஒரே வேலையைச் செய்கின்றன. ஒன்றை ஆறு மாதமாக யாரும் திறக்கவே இல்லை.

இதில் சட்டம் கேட்டுச் செய்ததும் உண்டு. மின்னணு விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்கு வந்தது. 2021 ஜனவரியில் 100 கோடி என்று இறங்கியபோது எங்களுக்கும் வந்தது, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கிவிட்டது. கணக்கில் யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற தடம் சாஃப்ட்வேரிலேயே இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளுக்குக் கட்டாயம். இதற்கெல்லாம் செலவழித்ததை டிஜிட்டல் முதலீடு என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்கிறோம். அதில் எங்கள் முடிவு எதுவும் இல்லை.

பெரிய கம்பெனிகளுக்கும் இந்தக் கணக்கு எளிதில் பிடிபடுவதில்லை. ஜெர்மனியின் லிடில் கடைகள் 2011இல் எஸ்.ஏ.பி. மென்பொருளைக் கொண்டு சரக்கு முறையைப் புதிதாகக் கட்டத் தொடங்கி, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவுக்குப் பின் 2018இல் கைவிட்டன. வெளியில் பேசப்பட்ட காரணங்களில் ஒன்று எனக்கு மிக நெருக்கமானது. லிடில் சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் வழக்கம் உள்ள நிறுவனம். அந்த மென்பொருளோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. வழக்கத்தை மாற்ற மனமில்லாமல் மென்பொருளை மாற்றப் போனார்கள். நாங்கள் முதன்முதலில் ஒரு சாஃப்ட்வேர் பேக்கேஜ் போட்டபோது இதே சிக்கல் கையகலத்தில் வந்தது. அது பஞ்சை சராசரி விலையில் வைக்கச் சொன்னது, நாங்கள் லாட் வாரியாக வைப்பவர்கள். எங்களுக்காக மாற்றி எழுதச் சொன்னோம். அதன் பிறகு ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் அந்த மாற்றத்துக்குத் திரும்பப் பணம் கட்டினோம். ஃப்ரேம் வாங்கினால் விலை வாங்கும் அன்றே தெரிந்துவிடும். இதன் விலை, நாம் எவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து வருடா வருடம் தெரியவரும்.

மாஸ்டர் கேட்ட கேள்வி

2023இல் மாஸ்டர் ஒரு கோரிக்கையோடு வந்தார். 38 லட்சம். பெண் தொழிலாளர் விடுதியின் தகரக் கூரையை மாற்ற, தண்ணீருக்கு ஒரு பெரிய சம்ப் கட்ட, அப்புறம் புதிதாகச் சேர்பவர்கள் இரண்டு மாதம் வேலை பழக ஒரு பழைய ஃப்ரேமைத் தனியாக ஒதுக்க. தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் குறைந்து, இப்போது ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து நிறையப் பெண்கள் வருகிறார்கள். நாலைந்து மாதத்தில் போய்விடுகிறார்கள். சேர்ந்து ஒரு மாதமான பிள்ளையின் கை இழை கோக்கப் பழகுவதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுகிறது. இதுதான் அவர் சொன்னது. நான் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். பணம் திரும்பும் காலம் என்ற கட்டம் காலியாக இருந்தது. "இதுக்கு ஒரு கணக்கு வேணுமே மாஸ்டர்" என்று திருப்பிக் கொடுத்தேன். அதே வாரம் உற்பத்தி விவரத்தைக் கைபேசியில் பார்க்கும் வசதிக்கு வருடம் ஆறு லட்சம் சந்தா ஒப்புதலானது. அதற்குக் கணக்கு இருந்தது. சென்சார் தகவல் ஏற்கெனவே இருந்ததால், அதை எடுத்துப் பக்கம் பக்கமாக எழுத முடிந்தது.

மாஸ்டர் கோபப்படவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "சார், ஸ்பிண்டிலுக்கு சென்சார் போட்டீங்க, ஸ்பிண்டில் பேசுது. இந்தப் பிள்ளைங்க ஏன் நாலு மாசத்துல போறாங்கன்னு சொல்ல எதைப் போட்டீங்க?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. எழுபது லட்சத்துக்கு வெறும் கண்காணிப்புக் கருவி வாங்கினோம் என்று நினைத்திருந்தேன். அதோடு சேர்த்து, இனி வரும் வருடங்களில் எந்தக் கோரிக்கைக்குக் குரல் இருக்கும் என்பதையும் வாங்கியிருக்கிறோம். ஸ்பிண்டில் சம்பந்தப்பட்ட எதற்கும் இனி ஆதாரம் கிடைக்கும். ஆதாரம் உள்ளதற்குப் பணம் கிடைக்கும், அந்தப் பணத்தில் இன்னும் நுணுக்கமான ஆதாரம் கிடைக்கும். விடுதிக்குத் தண்ணீர் எப்போது வருகிறது, கோடையில் அந்தத் தகரத்துக்குக் கீழே முழு நைட் முடித்து வந்தவர் தூங்க முடிகிறதா என்பதற்கு எங்களிடம் ஒரு எண்கூட இல்லை. எண் இல்லாததால் அது சின்ன விஷயம் என்று நான் எடுத்துக்கொண்டேன். காற்றாலைக் காலத்தில் வரிச் சட்டம் எங்களை எங்கே பார்க்க வைத்ததோ அங்கே பார்த்தோம். இப்போது திரை எங்கே பார்க்க வைக்கிறதோ அங்கே பார்க்கிறோம். பழைய பழக்கம்தான், வேகம் மட்டும் கூடியிருக்கிறது.

டைம் ஆபீஸில் சொல்லி, இரண்டு வருடத்தில் சேர்ந்தவர்கள், போனவர்கள் பட்டியலை எடுக்கச் சொன்னேன். கைரேகை இயந்திரம் உண்டு, ஆனால் அது சம்பளத்துக்காக வைத்தது. வந்தார், வரவில்லை என்று மட்டும் சொல்லும். யார் எப்போது நின்றார், எந்தப் பக்கத்தில் வேலை பார்த்தார் என்பதெல்லாம் பேரேட்டில் கையெழுத்தில் இருந்தது. இரண்டு பேர் மூன்று வாரம் உட்கார்ந்து எடுத்தார்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஆறு மாதம் தாண்டவில்லை. அதைச் சென்சார் தகவலோடு வைத்துப் பார்த்தபோது, புதியவர்கள் நிற்கும் பக்கங்களில் அறுந்த ஸ்பிண்டில் சும்மா நிற்கும் நேரம் பழகியவர்கள் பக்கத்தைப் போல இரண்டு மடங்கு. இதை ரூபாயாக மாற்ற எனக்கு அரை மணி நேரம் ஆனது.

அந்த அரை மணி நேரம் முடிந்ததும் இரண்டு விஷயம் என்னைச் சங்கடப்படுத்தியது. ஒன்று, இந்தப் பட்டியல் இருப்பது தெரிந்ததும் உற்பத்திப் பிரிவிலிருந்து கேட்டு வந்தார்கள்: எந்தெந்த சைடர் தாமதம் என்று பெயரோடு வேண்டும், ஊக்கத்தொகையில் கழிக்கலாம் என்று. பெயர்களை எடுத்துவிட்டு ஃப்ரேம் எண் மட்டும் கொடுத்தேன். பழக்கிவிடாத ஆளின் தாமதத்தை அந்த ஆளிடமே வசூலிக்க என் தாள் பயன்படக் கூடாது. இரண்டாவது, குடிதண்ணீரை நூல் கிலோவாக மாற்றி எழுதினால், அடுத்த வருடம் நூல் கூடாவிட்டால் என்ன சொல்வது? தண்ணீர் தவறான முதலீடு என்றா? ஈரப்பதக் குழாயை அப்படி எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஆள் குளிக்கும் தண்ணீரை அப்படி எழுதுவது சரியில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எல்லாவற்றையும் அளந்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும் என்று சின்னவர் சொல்கிறார். அளப்பதற்கும் முதலில் யாரோ பணம் ஒதுக்க வேண்டும், யார் கேட்டால் ஒதுக்குவார்கள் என்று நான் கேட்கிறேன். இந்த விவாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

இந்த ஜூனில் மாஸ்டரின் கோரிக்கையை இரண்டாகப் பிரித்து நானே எழுதினேன். வேலை பழகும் ஃப்ரேமுக்குக் கணக்குப் போட்டேன், ஒரு வருடம் பத்து மாதத்தில் பணம் திரும்புகிறது. கூரைக்கும் சம்புக்கும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் "தேவை" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். மறுநாள் காலையில் சின்னவர் போனில் கூப்பிட்டார்.

"ரெண்டாவது தாள்ல ஒரு கட்டம் விட்டுப்போச்சுங்களா?"

"விட்டுப் போகலீங்க. அப்படியேதான் அனுப்பினேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். நாலு நாள் கழித்துத் தாள் திரும்பி வந்தது. பழகும் ஃப்ரேமுக்கும் சம்புக்கும் கையெழுத்து இருந்தது. கூரைக்கு எதிரே "தீபாவளிக்கு அப்புறம்" என்று எழுதியிருந்தார். போன வியாழக்கிழமை விடுதிக்குப் பின்னால் சம்புக்குக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். மாஸ்டர் மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் அங்கே நின்று அளவு பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.